ஒலிபெருக்கிக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டு

நம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நான் ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டார்கள். கூட்டத்தின் முன்னால் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வேலையை விட்டு விலகுகிற நாளில் அந்தப் பழக்கம் மாறிவிடப் போவதில்லை. ஆகவே எழுதித் தருகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. எழுத்தை ஒருவர் பார்த்துத் திருத்தியிருக்கிறார். விஷயம் என்னுடையது.

மாதிரி ரயில் எஞ்சினுக்குள் நீங்கள் இன்று நகத்தளவு சிப் ஒன்றை வைக்கிறீர்கள். எஞ்சினின் எண், வேகம், விளக்கு, ஹாரன், டீசல் உறுமல் எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. அதைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. எந்தக் கம்பியில் பிழை என்பதை உங்களில் சிலர் என்னைவிடச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறீர்கள். நான் சொல்ல நினைப்பது வேறு. வேலை முடிந்துவிட்டது, எல்லாம் சரியாக ஓடுகிறது, ஆனால் அது சரியாக ஓடுவதாலேயே ஒரு மனிதருக்குக் கெடுதல் வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? அப்படி ஒரு இடத்தில் நான் ஒருமுறை நின்றேன். அதை மட்டும் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. தூத்துக்குடியில் எனக்கு ஒரு ரேடியோ பழுதுபார்க்கும் கடை இருந்தது. மாதா கோயில் திருவிழா, அம்மன் கோயில் கொடை, கல்யாணம் என்றால் மைக் செட்டும் கட்டுவேன். ஊருக்கு வடக்கே, வேம்பார் போகிற சாலையில், ஓர் உப்புக் கம்பெனி. அதற்குச் சொந்தமாக ஒரு ரயில் பாதையும் இரண்டு சிறிய டீசல் எஞ்சின்களும் உண்டு. உப்பு வேகன்களைச் சேர்த்துத் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். அந்தக் கம்பெனி மேனேஜர் ஒருநாள் ஒரு டேப் ரிக்கார்டரைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார். திரும்ப வாங்க வந்தபோது, பொம்மை ரயிலில் வேலை செய்ய முடியுமா என்று கேட்டார். நான் முடியும் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். எல்லோரும் என்னை அப்படித்தான் கேட்பார்கள், என் குரல் அவ்வளவுதான்.

மேனேஜர் சில காலம் ஜெர்மனியில் வேலை பார்த்தவர். அங்கிருந்து முழங்கை நீளத்தில் இரண்டு மாதிரி டீசல் எஞ்சின்களும் தண்டவாளமும் வாங்கி வந்திருந்தார். விளையாட அல்ல. வேகன்களைச் சேர்க்கிற அவருடைய யார்டில் சில மாதங்களுக்கு முன் ஓர் ஆளின் கால் வேகன்களுக்கு நடுவே நசுங்கப் பார்த்தது, மயிரிழையில் தப்பினார். அதிலிருந்து மேனேஜருக்கு நிம்மதி இல்லை. கம்பெனியின் ஓர் அறையில் யார்டு முழுவதையும் ஒரு பெரிய மேசையில் அப்படியே அமைத்து, ஷண்டிங் ஆட்கள் எல்லோரையும் அதில் பழக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்.

ஷண்டிங் ஆளின் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு: இரண்டு வேகன்களுக்கு நடுவே குனிந்து கொக்கியை மாட்டுவார், கழற்றுவார். எஞ்சின் ஓட்டுபவர் ஹாரன் கொடுத்துவிட்டு நகர்த்துவார். ஒரு தடவை ஊதினால் முன்னே, இரண்டு தடவை ஊதினால் பின்னே. ஹாரன் கேட்ட மாத்திரத்தில் நடுவிலிருப்பவர் வெளியே வந்துவிட வேண்டும். அந்தக் கம்பெனியில் அன்று வரை அதுதான் வழக்கம்.

சாதாரண பொம்மை ரயிலில் மின்சாரத்தைக் கூட்டினால் தண்டவாளத்தில் நிற்கிற எல்லா எஞ்சினும் சேர்ந்து ஓடும். யார்டில் அப்படி இல்லையே. ஒரே பாதையில் இரண்டு எஞ்சின், ஒன்று ஓட மற்றது நிற்க வேண்டும். மேனேஜரிடம் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்த சர்க்யூட் படம் இருந்தது. தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும். அதன் மேலேயே துடிப்புகளாகக் கட்டளை போகும். ஒவ்வொரு எஞ்சினும் தனக்குரிய துடிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும். அவர் ஆங்கிலத்தில் வாசித்து, ஒன்று, பூஜ்யம் என்று விளக்கினார். எனக்கு ஏறவில்லை. பிறகு அவரே, மணப்பாட்டுக் கலங்கரை விளக்கைக் கடலில் இருப்பவன் எப்படி அடையாளம் கண்டுகொள்கிறான் என்று கேட்டார். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு மினுக்கல் கணக்கு உண்டு. தன் ஊர் விளக்கின் மினுக்கல் எதுவென்று கடலுக்குப் போகிறவனுக்குத் தெரியும். இந்த எஞ்சினும் அதைத்தான் செய்கிறது என்றார். அதன் பிறகு எனக்குச் சிரமம் இருக்கவில்லை. நல்ல மனிதர் அவர், எதிரே இருப்பவனுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவார்.

சிப்புகள் சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வந்தன. எஞ்சினுக்குள் இடம் போதாததால் பின்னால் ஒரு மூடிய வேகனைக் கட்டி அதற்குள் எல்லாவற்றையும் அடைத்தேன். ஹாரனுக்கு ஒலி எழுப்ப ஓர் ஆஸிலேட்டர் போட்டு, மேசைப் பலகைக்கு அடியில் ஒலிபெருக்கி வைத்தேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க எஞ்சின் டிரைவர் பரமசிவம் வந்தார். விளாத்திகுளத்துப் பக்கத்துக்காரர், வயதில் மூத்தவர், யார்டில் எல்லோருக்கும் அண்ணாச்சி. ஹாரனைக் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, "கொசு பாடுதாப்புல இருக்குய்யா" என்றார். அவர் நின்று கேட்கக் கேட்க நான் சுருதியைக் கீழே இறக்கினேன். கடைசியில் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஒரு திங்கட்கிழமை காலை போய்ப் பார்க்கிறேன், இரண்டு எஞ்சினும் நகரவில்லை. தண்டவாளத்தில் மின்சாரம் இருக்கிறது. துடிப்புகளை அனுப்புகிற கட்டளைப் பெட்டி சரியாக இருக்கிறது. வேகனைப் பிரித்து ஒவ்வொரு சிப்பாகப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருக்கின்றன. எப்போதாவது ஓர் எஞ்சின் திடீரென்று ஒரு சாண் ஓடும், உடனே நிற்கும். மாலை வரை அப்படியே போனது. சனிக்கிழமை பரீட்சை. மேனேஜர் ஆட்களை ஒவ்வொருவராக மேசை முன் நிறுத்தி ஹாரன் கொடுப்பார். எஞ்சின் கண்ணில் படாதபடி நடுவே ஒட்டுப்பலகைத் தடுப்பு நிற்கும். யார்டில் வேகன் வரிசை மறைக்கிற மாதிரி. ஊதியது ஒன்றா இரண்டா என்று கேட்டுச் சரியாகக் கொடி காட்டுபவர் வேலையில் இருப்பார். தவறுபவர் வேகன் நடுவே போகக் கூடாது.

கவலையில் மேசை மேல் தலையைக் கவிழ்த்தேன். அப்போதுதான் மூக்கில் ஏறியது. சுறா எண்ணெய்.

எங்கள் கரையில் வள்ளத்துப் பலகைக்கு அதைத்தான் பூசுவார்கள். அந்த வாடை தெரியாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. தண்டவாளத்தை விரலால் தடவினேன், வழுக்கியது. மேசையின் மறுகோடியில், வேலை முடிந்து வந்திருந்த ஒருவர் கந்தைத் துணியும் தகரக் குவளையுமாகக் குனிந்து, மிச்சமிருந்த தண்டவாளத்துக்கும் பொறுமையாகப் பூசிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். திரும்பவில்லை. என்னால் முடிந்த அளவு சத்தமாகக் கூப்பிட்டேன். ஊகூம். எழுந்து பலகைத் தரையில் இரண்டு எட்டு வைத்ததும் சட்டென்று திரும்பிச் சிரித்தார்.

அவர்தான் மிக்கேல். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஷண்டிங் ஆட்களில் ஒருவர். முன்பு சங்கு குளிக்கப் போனவர். கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தபோது அதிலும் மூழ்கியவர். கடலை விட்ட பிறகு கொஞ்சநாள் உப்பளத்தில் சுமை தூக்கி, அங்கிருந்து யார்டுக்கு வந்திருந்தார்.

"கடக்கரையில கெடக்க இரும்பு தம்பி. பூசாம விட்டா பத்தே நாள்ல அரிச்சிரும்லா" என்றார். அறை அதிரும் குரல்.

தண்டவாளத்தில் எண்ணெய்ப் படலம் இருந்தால் துடிப்பு எஞ்சினுக்குப் போய்ச் சேராது என்று நான் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக் கேட்டுவிட்டு, நெற்றியில் அடித்துக்கொண்டார். மண்ணெண்ணெயும் துணியுமாக இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் துடைத்தோம். துடைத்துக்கொண்டே பேசினோம். அவரோடு பேசுவது எனக்குச் சுகமாக இருந்தது. என் காரணம் எளியது: என்னை எதையும் மறுபடி சொல்லச் சொல்லாத ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. முணுமுணுத்தாலும் அவருக்குப் புரிந்தது.

அடுத்த நாளும் வேலை முடிந்து வந்தார். எஞ்சின்கள் ஒழுங்காக ஓடின. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, மேசை விளிம்பில் உள்ளங்கையைப் பரப்பி வைத்துக்கொள்வார். நான் ஹாரன் கொடுப்பேன். ஒன்று என்றால் ஒன்று, இரண்டு என்றால் இரண்டு. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. மற்ற ஆட்களைவிட வேகமாகக் கொடியைத் தூக்கினார்.

அன்று எனக்கு ஒரு சின்ன உறுத்தல். ஒலிபெருக்கி பலகையில் நேராகத் திருகப்பட்டிருந்ததால் ஹாரன் அடிக்கும்போது மேசையே கடகடவென்று ஆடியது. காது கூசியது. நீங்களும் செய்கிற வேலைதான்: பழைய சைக்கிள் டியூபை வெட்டி, ஒலிபெருக்கிக்கும் பலகைக்கும் நடுவே ரப்பர் துண்டுகளைக் கொடுத்து முடுக்கினேன். நடுக்கம் நின்றது. ஹாரன் தெளிவாக, உண்மை எஞ்சின் மாதிரி வந்தது. சந்தோஷத்தில் இரண்டு தடவை அடித்தேன். மிக்கேல் அண்ணன் உள்ளங்கையை மேசையில் வைத்தபடி அமைதியாக நின்றார். கொடி எழவில்லை. மறுபடி அடித்தேன். தடுப்புக்கு மேலாக எட்டி என்னைப் பார்த்து, "என்ன தம்பி, ஆரம்பிக்கலையா?" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. நான் முகம் பார்த்துப் பேசினால் மட்டும் அவருக்குப் புரிகிறது என்பதும், தரை அதிர்ந்தால் திரும்புகிறார் என்பதும் அப்போதுதான் ஒன்று சேர்ந்தன. அவர் இதுவரை என் ஹாரனைக் கேட்கவே இல்லை. கையால் தொட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

என் முகத்தைப் பார்த்தே அவருக்கும் தெரிந்துவிட்டது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். கடலில் மூழ்கப் போன முதல் வருடமே காது உடைந்து சீழ் வைத்துவிட்டதாகச் சொன்னார். ஆழத்தில் தண்ணீர் அழுத்தும், வலிக்கும், பிறகு ஒருநாள் வலி நின்றுபோகும். "சங்கு குளிக்கிறவன் காதப் பாத்துக்கிட்டு இருந்தா சங்கப் பாக்க முடியுமா?" என்றார். குரல் முதல் தடவையாகத் தணிந்திருந்தது. யார்டில் யாருக்கும் தெரியாது. எஞ்சின் அசைந்தால் தண்டவாளம் வழியாகக் காலுக்கு வந்துவிடும், அதைவைத்து இத்தனை நாள் ஓட்டிவிட்டார்.

பக்கத்துப் பாதையில் மற்ற எஞ்சின் அசைந்தால் எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டேன். அவர் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். அன்று கால் நசுங்கப் பார்த்த ஆள் யார் என்று நான் கேட்கவில்லை.

பிறகு அவர் கேட்டார். "அந்த ரப்பர மட்டும் எடுத்துரு தம்பி. சனிக்கெழம முடிஞ்சதும் மறுபடி வச்சுக்க."

அது மட்டும்தான். நான்கு திருகாணிகள். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள். இந்த வேலை போனால் மறுபடி உப்பளத்துக் கூலி. அவருடைய பாதங்களில் உப்புத் தண்ணீர் அரித்த பழைய வெடிப்புகள் இன்னும் ஆறாமல் இருந்ததை நான் பார்த்திருந்தேன். ரப்பரை எடுத்தால் அவர் தேறிவிடுவார். ஆனால் தேறிய பிறகு திங்கட்கிழமை காலையில் அவரை வேகன்களுக்கு நடுவே அனுப்பி வைக்கிறவன் யார்? மேனேஜர் இல்லை. அவர் என் மேசையை நம்பித்தானே அனுப்புவார்.

முடியாது என்று சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை மட்டும், புரியாதவர் போல, மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன்.

"சரி. உப்பு சொமக்க அனுப்பு" என்று எழுந்து போய்விட்டார்.

தம்பிகளே, இதற்குப் பிறகு நான் ஏதோ பெரிதாக யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, வேறு எதுவும் நடக்கவில்லை. மேனேஜரிடம் போய்ச் சொல்லலாம் என்று அவருடைய அறை வாசல் வரை போனேன். இன்னொருவர் மறைத்து வைத்திருப்பதை நான் எப்படி எடுத்துச் சொல்வது என்று திரும்பி வந்தேன். சொல்லாமல் இருந்தாலும் சனிக்கிழமை எல்லோர் முன்னும் அவர் திகைத்து நிற்பார். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு வழியும் சரியில்லை என்று தோன்றினால், ஒன்றை அவசரமாக எடுத்துவிடாமல் கொஞ்சம் வேலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். நான் அதைத்தான் செய்தேன். சும்மா உட்கார்ந்து தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மாலை அவரே வந்தார். கோபம் போயிருக்கவில்லை. ஆனாலும் ஒரு துணியை எடுத்து மறுபக்கத் தண்டவாளத்தைத் துடைக்க ஆரம்பித்தார். நான் எதையாவது பேச வேண்டுமே என்று, கடலுக்கு அடியில் இருப்பவரும் மேலே வள்ளத்தில் இருப்பவரும் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று கேட்டேன். கேட்கும்போது மனத்தில் எந்தத் திட்டமும் இல்லை.

"அங்கன யாருக்குத் தம்பி காது கேக்கும்? எல்லாரும் செவிடன்தான். கயிறுதான் பேசும்" என்றார்.

மேலே கயிற்றைப் பிடித்திருப்பது அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். இவர் கீழிருந்து கயிற்றை ஆட்டினால் மச்சான் தூக்குவார். ஆட்டாவிட்டால்? தூக்கக் கூடாது. நேரமாகிவிட்டதே என்று மேலிருப்பவன் தானாக இழுக்கவே கூடாது. கயிறு பாறையில் மாட்டியிருக்கலாம், காலில் சுற்றியிருக்கலாம். இழுத்தால் ஆள் போய்விடுவான். பதில் இல்லையென்றால் இன்னொருவன் குதித்துப் போய்ப் பார்ப்பான்.

"மேல இருக்கிறவனுக்கு என்னா தெரியும்? கீழ இருக்கிறவன்லா சொல்லணும்" என்றார்.

இருவரும் துடைப்பதை நிறுத்திவிட்டோம். யாருக்கு முதலில் தோன்றியது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யார்டில் எஞ்சின் ஊதிவிட்டு நகர்கிறது. ஊதியது போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. மேலே இருப்பவனே கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை முழுவதும் வேலை செய்தோம். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு ரிலே, மின்சாரத்தால் விழுந்து எழும் சுவிட்ச், போட்டேன். ஹாரனை அழுத்தினால் அந்த எஞ்சினுக்குப் போகிற ஓட்டக் கட்டளை அறுந்துவிடும். வேகத்தை எவ்வளவு திருப்பினாலும் நகராது. தடுப்புக்கு இந்தப் பக்கம், ஷண்டிங் ஆள் நிற்கிற இடத்தில், மேசைக்கு அடியிலிருந்து தூண்டில் நரம்பு ஒன்று தொங்கும். அதை இழுத்தால்தான் ரிலே விடும், எஞ்சின் ஓடும். ரப்பர் துண்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

மேனேஜரைக் கேட்காமல் அவருடைய மேசையை மாற்றியிருக்கிறேன் என்ற பயம் எனக்குச் சனிக்கிழமை காலையில்தான் வந்தது. அறை நிறைய ஆட்கள். பரமசிவம் அண்ணாச்சி கட்டளைப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் முதல் ஆளாக மிக்கேல் அண்ணனே வந்து நின்றுகொண்டார். எல்லாம் தயாரா என்று மேனேஜர் கேட்டார். நான் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நாக்கு ஒட்டிக்கொண்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அண்ணாச்சி ஒரு தடவை ஊதினார். வேகத்தைத் திருப்பினார். எஞ்சின் நகரவில்லை. இன்னும் திருப்பினார்.

"செத்துப்போச்சுய்யா ஒம்ம வண்டி" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

நான், பதில் வரவில்லை என்றேன். மேனேஜருக்குக் கேட்கவில்லை. யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன், சிரிப்பில் அமுங்கிப்போனது. அறையில் ஒரே ஒருவர்தான் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதில் வரலைன்னு சொல்லுதாரு" என்றார் மிக்கேல் அண்ணன், சுவர் அதிர. "ஊதினது இங்கன வந்து சேந்துச்சான்னு நான் சொல்லணும். நான் சொல்லாம அது நவராது." நரம்பைப் பிடித்து இழுத்தார். எஞ்சின் ஓடியது.

சிரிப்பு நின்றது. மேனேஜர் தடுப்பைச் சுற்றி வந்து நரம்பைத் தொட்டுப் பார்த்தார். எதற்கு இது, ஹாரன்தான் கேட்கிறதே என்று கேட்டார்.

மிக்கேல் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "எல்லாருக்கும் கேக்கும் சார். எனக்குக் கேக்காது. ரெண்டு காதும் போயி வருசக் கணக்காச்சு" என்றார்.

மேனேஜர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நரம்பை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு, யார்டில் இப்படி நரம்பு கட்ட முடியாதே என்றார். தானே, கொடி இருக்கிறது என்றார். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் யாருக்குத்தான் ஹாரன் கேட்கிறது என்று ஆட்களைக் கேட்டார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு ஆளுக்காக ஒரு விதி போட மாட்டேன், போட்டால் எல்லோருக்கும்தான் என்றார் மேனேஜர்: இனி ஹாரன் என்பது கேள்வி. நடுவில் இருப்பவர், ஹாரன் கேட்டாலும் கேட்காவிட்டாலும், வேலை முடிந்து வெளியே வந்து பச்சைக் கொடி காட்டுவது பதில். பதில் வராமல் எஞ்சின் நகரக் கூடாது. நெடுநேரம் வராவிட்டால் டிரைவர் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.

பரமசிவம் அண்ணாச்சிக்கு இது பிடிக்கவில்லை. கப்பல் காத்திருக்கும்போது ஒவ்வொரு கொக்கிக்கும் நின்று நின்று போனால் வேலை ஓடுமா என்றார். மிக்கேல் அண்ணன் கயிற்றுக் கதையையும் மச்சானையும் சொல்லக் கேட்டதும் இன்னும் எரிச்சல். "ஏலே மிக்கேலு, நான் என்ன ஒனக்கு மச்சானா, நீ ஆட்டுத வரைக்கும் காத்துக் கெடக்க?"

"அதுக்கு ஒம்ம தங்கச்சிய நான் கட்டணும் அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரி ஒத்துக்கிட மாட்டா."

அறை முழுவதும் சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. மேனேஜரும் மிக்கேல் அண்ணனுக்கு வேலை உறுதி என்று சொல்லவில்லை. முதல் நாள் தானே வந்து நின்று பார்ப்பதாகவும், அதன் பிறகு முடிவு சொல்வதாகவும் சொன்னார். அது நியாயம்தான் என்று எனக்குப் பட்டது.

நீங்கள் இன்று பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள். கட்டளை போய்விட்டது என்று விளக்கு எரிகிறது. அது போனதற்கு அடையாளம். சேர்ந்ததற்கு அடையாளம் இல்லை. எந்த வேலையிலும் இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் நின்றுகொண்டிருக்கக் கூடும். ஒலி நன்றாக வந்தால் நம் வேலை முடிந்தது என்று நானும் நினைத்திருந்தவன்தான்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் என்னையும் வரச் சொல்லியிருந்தார். கச்சான் காற்று. உப்புத் தூசி கண்ணில் அடித்தது. துறைமுகத்தில் கப்பல் நின்றது. அங்கிருந்து ஆள் வந்து வேகன்களை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நாங்கள் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றோம். நீண்ட வேகன் வரிசை, மிக்கேல் அண்ணன் எங்கோ நடுவில் குனிந்து போனவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

அண்ணாச்சி ஒரு தடவை ஊதினார். கொடி வரவில்லை.

துறைமுகத்து ஆள் கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து, அவர் இந்நேரம் வெளியே வந்திருப்பார், கொடி காட்ட மறந்திருப்பார், எடுங்கள் என்றார். வேறு ஒருவரும் அதையே சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மேனேஜர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சியின் முகம் கடுகடுவென்று இருந்தது. கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வரிசையையே பார்த்தார். பிறகு பிரேக்கை இறுக்கிவிட்டுக் கீழே இறங்கினார். வேகன்களை ஒட்டி நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

மிக்கேல் அண்ணன் இரண்டு வேகன்களுக்கு நடுவே முழங்கால் மடித்துக் குனிந்திருந்தார். சட்டையின் தோள் பக்கம் கொக்கியில் சிக்கி முறுக்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் சுருட்டிய கொடி. மறு கையால் துணியை நிதானமாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஹாரன் அடித்ததே அவருக்குத் தெரியாது. எங்கள் நிழல் விழுந்ததும் தலையைத் தூக்கினார்.

அண்ணாச்சி உள்ளே குனிந்து, அந்தத் துணியை இரண்டு கையாலும் பிடித்து ஒரே கிழியாகக் கிழித்தார். கொக்கியில் ஒரு துண்டு தொங்கியது. மிக்கேல் அண்ணன் வெளியே வந்து, கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க மறுபடி உள்ளே போனார். மேனேஜர் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

அண்ணாச்சி நடந்துவந்து எஞ்சினில் ஏறினார். துறைமுகத்து ஆள் ஏதோ கேட்க வந்தவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். முதலில் ஊதியதை அண்ணாச்சி கணக்கில் வைக்கவில்லை. புதிதாக ஒரு தடவை ஊதினார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காற்று அடித்துக்கொண்டே இருந்தது. வரிசையின் நடுவிலிருந்து கிழிந்த சட்டையோடு ஒரு தோளும், அதற்கு மேலே பச்சைக் கொடியும் வெளியே வந்த பிறகுதான் அவருடைய கை கைப்பிடிக்குப் போனது.